எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை நேரம். சிறுசேரி சிப்காட் பூங்காவிலிருந்து வெளிப்பட்டு, ராஜீவ் காந்தி சாலையில் என் மோட்டார் வண்டியைத் திருப்பினேன். பின்னால் மணல் லாரி ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. விரைந்து முன்னேறிவிடலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினேன். எஞ்சின் பெருங்குரலெடுத்து இரைந்தது; சுற்றுகளைக் காட்டும் முள் 2,000-லிருந்து 4,000-க்குத் தாவிற்று. வண்டியோ கட்டை வண்டியைப் போல் ஊர்ந்தது. லாரிக்காரர் பிரேக்கை மிதித்து என்னைக் காப்பாற்றினார். அவர் சற்றுக் கவனக்குறைவாக இருந்திருந்தால் இன்று இந்தப் பேச்சுக்கு இடமே இருந்திராது.

மறுநாள் ஒரு பட்டறைக்குச் சென்றேன். "எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்று சொல்லி, பெருந்தொகை ஒன்றையும் குறித்துக் கொடுத்தார்கள். மனம் ஒப்பாமல், தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். வண்டலூருக்கு அருகில் அந்நாளில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளில் தொழில் கற்றவர் அவர். வண்டியைத் தாமே ஓட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லே சார். அது நல்லாத்தான் சுத்துது. அந்தச் சுத்து சக்கரத்துக்குப் போய்ச் சேரலே" என்றார். நோய் இன்னதென்று அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது.

மாவு மில்லை நேயர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். மோட்டாரையும் அரைக்கும் எந்திரத்தையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. பெல்ட் தளர்ந்து வழுக்கினால் மோட்டார் பாரம் குறைந்து வேகமாய்ச் சுழலும். மாவு மட்டும் அரைபடாது. மோட்டார் வண்டியில் அந்தப் பெல்ட்டின் இடத்தில் இருப்பது கிளச்சு. எஞ்சினோடு சுழலும் பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்துக்கும், பிரஷர் பிளேட் என்னும் வில் பொருத்திய தகட்டுக்கும் நடுவே, உராய்வுப் பொருள் பதித்த வட்டத் தகடு ஒன்று இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. நாம் கிளச்சு மிதியை அழுத்தும்போது பிடி தளர்கிறது. காலை எடுத்ததும் மீண்டும் இறுகுகிறது. வட்டத் தகடு தேய்ந்தாலோ, அதன்மேல் எண்ணெய் கசிந்தாலோ, வில்லின் வலிமை குறைந்தாலோ பிடி வழுக்கும். மெதுவாகச் செல்லும்போது இக்குறை தெரிவதில்லை. மேடு ஏறும்போதும், பாரம் மிகும்போதும், திடீரென வேகம் கூட்டும்போதும்தான் அது வெளிப்படும்.

இதைக் கண்டறியக் கணக்கு ஒன்று உண்டு. ஒரே கியரில் செல்லும் வரை எஞ்சின் சுற்றும் வண்டியின் வேகமும் ஒரே விகிதத்தில்தான் உயர வேண்டும். நான்காம் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் முள் 2,000-ஐக் காட்டுவதாகக் கொள்வோம். 60 கிலோமீட்டரில் அது 3,000-ஐக் காட்ட வேண்டும். 3,800-ஐக் காட்டினால், நிமிடத்துக்கு 800 சுற்றுகள் சக்கரத்தைச் சேராமல், கிளச்சிலே உராய்ந்து வெப்பமாய் வீணாகின்றன. அப்போது மூக்கில் ஏறும் தீய்ந்த நாற்றமே அதற்குச் சாட்சி.

இரைச்சல் எல்லாம் கிளச்சுக் கோளாறு ஆகிவிடாது. முதலில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் பாருங்கள். அப்போதும் முள் உயர்ந்தே நின்றால், காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் சிக்கியிருக்கலாம். அல்லது எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம். சுற்றும் உயராமல், வேகமும் கூடாமல் வண்டி மந்தமாய் இருந்தால், எரிபொருள் வழியையும் காற்று வடிகட்டியையும் சோதிக்க வேண்டும். சுற்று உயர்ந்து வேகம் மட்டும் உயராவிட்டால்தான் கிளச்சைச் சந்தேகிக்க வேண்டும். தானியங்கிக் கியர் வண்டிகளின் இயல்பு வேறு. அவற்றுள் சி.வி.டி. என்னும் வகையில், வேகம் கூட்டும்போது எஞ்சின் முந்தி இரைவது இயற்கையே. ஆனால் முன்பு இல்லாத இரைச்சல் புதிதாக எழுந்தால், கியர் எண்ணெயின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆளில்லாத சமவெளியில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, உயர்ந்த கியரில் போட்டு, கிளச்சு மிதியை மெல்ல விடுவது இன்னொரு சோதனை. நல்ல கிளச்சானால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிடி வழுக்குகிறது என்று பொருள். இதை ஒருமுறைக்கு மேல் செய்யலாகாது. சோதனையே கிளச்சைத் தீய்த்துவிடும்.

என் வண்டியின் கியர்ப் பெட்டியை இறக்கியபோது, வட்டத் தகட்டின் உராய்வுப் பொருள் ஆணித் தலைகள் வரை தேய்ந்திருந்தது. "யார் தேய்ச்சது?" என்று கேட்டேன். "உங்க இடது கால்தான் சார்" என்றார் பெரியவர். மெட்ரோ ரயில் பணிகளால் குறுகிய சாலையில், நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போதெல்லாம், நான் கிளச்சைப் பாதி அழுத்தியபடியே வண்டியை நிறுத்தி வந்திருக்கிறேன். வட்டத் தகடு, பிரஷர் பிளேட், பேரிங் ஆகிய மூன்றையும் சேர்த்தே மாற்றினோம். கியர்ப் பெட்டியை இறக்குவதுதான் பெரிய வேலை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றொன்றுக்காக மறுபடி இறக்குவது வீண் செலவு. எஞ்சினைப் பிரிக்க வேண்டிய அவசியமே நேரவில்லை.

இப்போது நெரிசலில் நின்றால் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, காலைக் கிளச்சினின்றும் எடுத்துவிடுகிறேன். மேட்டில் நிற்க ஹேண்ட் பிரேக்கையே நம்புகிறேன். நேயர்களே, உங்கள் வண்டி இரைந்தும் நகராவிட்டால், இன்னும் சில நாள் ஓடட்டும் என்று பெருஞ்சாலைக்குக் கொண்டு போகாதீர்கள். பின்னால் வருபவர் எப்போதும் பிரேக்கில் கால் வைத்திருப்பார் என்பதற்கு உறுதி ஏது?