சுற்றுச்சூழல் படிப்புக்குப் பணம் கட்டும் முன் கேளுங்கள்: இந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள்?



திருச்செந்தூர், ஆத்தூர், குரும்பூர், உடன்குடி பக்கம் வாழை, நெல், வெற்றிலை, பனை என்று பார்த்து வரும் குடும்பங்களில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. “பிள்ளை சுற்றுச்சூழல் மேலாண்மை படிக்கணும்னு சொல்றான். அதுக்கு வேலை இருக்கா?”

இந்தப் பேச்சு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பகுதி மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் பதிவானது. ஆறு, குளம், வெள்ளம், கழிவுநீர், கிணற்றில் உப்பு என்று தண்ணீர், மண் சம்பந்தப்பட்ட எல்லாமே இன்று நம் பிழைப்போடு சேர்ந்த பிரச்சினை. இதையே படித்து ஒரு வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் நினைப்பது நல்லதுதான்.

ஆனால் ‘சுற்றுச்சூழல்’ என்ற பெயரில் இன்று மூன்று நாள் பயிற்சியும் இருக்கிறது, இரண்டு வருட முதுநிலைப் படிப்பும் இருக்கிறது. இரண்டிலும் கடைசியில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். வாழைத்தார் வெட்டிய காசையோ நகையை அடகு வைத்த காசையோ கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள்?

உங்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றைப் பாருங்கள். முன்பெல்லாம் உரக்கடை, பூச்சிமருந்துக் கடை வைக்கப் படிப்பு தேவைப்படவில்லை. இப்போது உரிமம் எடுக்க வேளாண்மை அல்லது அது சார்ந்த அறிவியல் படிப்போ, அதற்கென்று உள்ள பட்டயமோ வேண்டும். விதி வந்ததும் ‘டேசி’ என்ற ஒரு வருடப் பட்டயத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. சுற்றுச்சூழல் படிப்புகளையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். சட்டம் கேட்கும் தகுதி, வாங்குபவர் கேட்கும் சான்று, யாரும் கேட்காத சான்றிதழ் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. சட்டம் கேட்கும் தகுதி

வேலை மதிப்பு அதிகம் உள்ளது இதில்தான். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் தொடங்கப்பட்டது. இதில் உதவிப் பொறியாளர் வேலைக்குப் பொறியியல் படிப்பும், உதவி சுற்றுச்சூழல் விஞ்ஞானி வேலைக்கு அறிவியலில் முதுநிலைப் பட்டமும் கேட்கிறார்கள். எந்தெந்தப் பாடப்பிரிவு செல்லும் என்பதை வேலை அறிவிப்பிலேயே தெளிவாகப் போடுவார்கள். பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துப் படித்துவிட்டுப் பிறகு படிப்பைத் தேர்ந்தெடுங்கள். படித்து முடித்த பிறகு அறிவிப்பைப் பார்த்து, “நம்ம பாடம் இதில் இல்லையே” என்று வருந்துபவர்கள் நிறைய.

அடுத்தது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2006ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, அனல்மின் நிலையம், துறைமுகம், ரசாயன ஆலை, சுரங்கம் போன்ற திட்டங்களுக்கு முன்அனுமதி வேண்டும். அதற்கான அறிக்கையை யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. ‘நாபெட்’ அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம்தான் தயாரிக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு துறைக்கும் தகுதியுள்ள நிபுணர் இருக்க வேண்டும். நீர் மாசு, காற்று மாசு, நிலத்தடி நீர், மண்வளப் பாதுகாப்பு, உயிரினப் பன்மை, கழிவு மேலாண்மை எல்லாம் அந்தத் துறைகளில் அடக்கம்.

இதைக் கவனியுங்கள். மண்வளப் பாதுகாப்பும் நிலத்தடி நீரும் விவசாயி வீட்டுப் பிள்ளைக்குப் புதிதல்ல. மண்ணியல் படித்த வேளாண் பட்டதாரியும் இந்த வேலைக்குள் நுழையலாம். ‘சுற்றுச்சூழல்’ என்று பெயர் போட்ட பட்டம்தான் வேண்டும் என்பதில்லை.

அனுமதி வாங்கியதோடு வேலை முடிவதும் இல்லை. நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறோம் என்று நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். தண்ணீர், காற்று மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்ட வேண்டும். தூத்துக்குடி, உடன்குடி வட்டாரத்தில் அனல்மின் நிலையங்கள், துறைமுகம், ஆலைகள் இருப்பதால் இந்த வேலைகள் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்திலேயே உண்டு.

இது கம்பெனிக்காரர்கள் விஷயம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வாரும் கோரிக்கை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய பேச்சும் அதில் வந்தது. 2015இல்தான் வேலை தொடங்கியது. நம் தென்கால், வடகால் பாசனத்துக்கான காரியத்திலேயே இந்தச் சட்டம் குறுக்கே வருகிறது. அந்தக் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இருப்பது விவசாயிகள் சங்கத்துக்கும் பலம்.

எங்கே படிக்கலாம்?

• மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. அறிவியல் இளநிலை முடித்தவர்கள் இங்கே முதுநிலை படிக்கலாம்.

• கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியில் வேளாண் பட்டம் முடித்தால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலைக்கு முயலலாம்.

• கடல், உப்பங்கழி, இறால் பண்ணை பக்கம் ஆர்வம் இருந்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது.

இவை அரசுப் பல்கலைக்கழகப் படிப்புகள். தனியார் நிறுவனத்தில் கேட்கும் கட்டணத்தை முதலில் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. வாங்குபவர் கேட்கும் சான்று

இதில் பெரும்பாலும் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் சரக்கு வாங்குபவரோ வேலை கொடுப்பவரோ கேட்கிறார்.

நமக்கு நெருக்கமானது அங்ககச் சான்று. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சரக்கு எந்த ஊரில் விளைந்தது என்பதைச் சொல்லும். எப்படி விளைந்தது என்பதைச் சொல்ல அங்ககச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றளிப்புத் துறை இதை வழங்குகிறது. தனியாகவும் பதியலாம், குழுவாகவும் பதியலாம். குழுவாகச் சேரும்போது ஒவ்வொரு தோட்டத்தையும் குழுவுக்குள்ளேயே ஒருவர் ஆய்வு செய்து, இடுபொருள், விதைப்பு, அறுவடை எல்லாவற்றுக்கும் பதிவேடு வைக்க வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த எழுத்து வேலையில்தான். பயிற்சி எடுத்த உள்ளூர்ப் பிள்ளைக்கு இது ஊரை விட்டுப் போகாமல் பார்க்கக்கூடிய வேலை.

அடுத்தது ஐ.எஸ்.ஓ. 14001. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். இது ஒரு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மேலாண்மை முறைக்குக் கொடுக்கும் சான்று, தனி ஆளுக்குக் கொடுப்பதல்ல. தனி ஆள் படிப்பது அதைத் தணிக்கை செய்வதற்கான பயிற்சி. முதன்மைத் தணிக்கையாளர் பயிற்சி சுமார் ஐந்து நாள். ஏற்கெனவே ஆலையில் நாலைந்து வருடம் வேலை பார்த்தவருக்கு அது சம்பள உயர்வு தரலாம். கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த பிள்ளைக்கு அதை மட்டும் வைத்து வேலை கிடைப்பது கடினம்.

வளைகுடா போக நினைப்பவர்கள் நம் பகுதியில் அதிகம். அங்கே பாதுகாப்பு, சுற்றுச்சூழல் அலுவலர் வேலைக்குப் பிரிட்டனின் ‘நெபோஷ்’ சான்றிதழைப் பல நிறுவனங்கள் கேட்கின்றன. அங்கேயும் முதலில் பார்ப்பது பட்டத்தையும் அனுபவத்தையும்தான். நெபோஷ் அதன்மேல் வைக்கும் கூடுதல் தகுதி. பட்டம் இல்லாமல் இதற்கு மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

3. யாரும் கேட்காத சான்றிதழ்

வார இறுதி வகுப்பு, இணையவழி ஒரு மாதப் படிப்பு, ‘சுற்றுச்சூழல் மேலாண்மை நிபுணர்’ என்று பெரிய பெயர் போட்ட டிப்ளமோ ஆகியவற்றில் பல இந்த வகை. கற்றுக்கொடுப்பது நல்ல விஷயமாகவே இருக்கலாம். ஆனால் எந்த அறிவிப்பிலும் அதைத் தகுதியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அறிவு மட்டும் வேண்டுமென்றால் பெரிய செலவே இல்லாமல் கிடைக்கிறது. வாகைக்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் மாதிரி எடுப்பது, மண்புழு உரம் தயாரிப்பது போன்றவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சொந்தத் தோட்டத்துக்கு அது போதும்.

தொலைநிலைப் படிப்பை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பற்றிய முதுநிலைப் பட்டயம் உண்டு. வேளாண் பட்டமோ அறிவியல் பட்டமோ கையில் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது உதவும்.

சொந்தத் தொழிலாகவும் செய்யலாம்

வேளாண்மை அல்லது அது சார்ந்த பட்டம், பட்டயம் படித்த பிள்ளைகளுக்கு மத்திய அரசின் ‘வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையம்’ திட்டம் 2002 முதல் இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி. பிறகு வங்கிக் கடனுக்குத் திட்டமதிப்பில் பொதுப்பிரிவுக்கு 36 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதமும் மானியம். தனிநபருக்கான உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். மண், தண்ணீர் சோதனைக் கூடம், மண்புழு உரக்கூடம், உயிர் உரத் தயாரிப்பு ஆகியவற்றை இதில் தொடங்கலாம். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் நம் பகுதியில் தண்ணீர்ச் சோதனைக்குத் தேவை இருந்துகொண்டேதான் இருக்கும்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

• பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? தொலைநிலைப் படிப்பு என்றால் அந்த வருடத்துக்கான அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா?

• திறன் பயிற்சி என்றால் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் எந்த நிலை? எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

• இந்தத் தகுதியைக் கேட்ட வேலை அறிவிப்பு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் யோசியுங்கள்.

• போன வருடம் படித்தவர்களில் மூன்று பேரிடம் பேசுங்கள். அவர்களை நீங்களே தேடிப் பிடியுங்கள். நிறுவனம் கைகாட்டும் ஆளிடம் மட்டும் கேட்க வேண்டாம்.

• ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. மடை திறப்பது, மண்ணைக் கையில் எடுத்து ஈரம் பார்ப்பது, கிணற்றுத் தண்ணீர் கடுக்கும்போது வாயில் வைத்ததுமே கண்டுபிடிப்பது எல்லாம் உங்கள் பிள்ளை ஏற்கெனவே கற்றது. ஆய்வுக்கு வரும் நகரத்துப் பட்டதாரிக்கு அது தெரியாது. அந்த அனுபவத்தோடு சட்டம் கேட்கும் தகுதி ஒன்றும் சேர்ந்தால் நல்ல வேலைக்கு வழி உண்டு. அனுபவத்தைச் சம்பாதிக்க நீங்கள் செலவு செய்யவில்லை. தகுதிக்குச் செய்யும் செலவை மட்டும் சரியான இடத்தில் செய்யுங்கள்.