‘ஆர்டர் எடுக்கலாமே?’

தலையணை உறையின் ஓரத்தில் ஒருவர் சங்கிலித் தையலில் ஒரு கொடி ஓட்டியிருக்கிறார். அல்லது வயர் கூடை ஒன்றைப் பின்னி முடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர்கள் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். வாயில் முதலில் வருவது, “இவ்வளவு அழகா இருக்கே, ஆர்டர் எடுத்துச் செய்யலாமே?” பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. விற்றால்தான் கைவேலைக்கு மதிப்பு, விற்காவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு என்கிற தீர்ப்பு. இது தவறு என்பது என் கருத்து. இதைச் சோதித்துப் பார்க்க இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. ஊசி யாருக்காக ஓடியது என்பதை அங்கே ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்குப் பின்தொடர முடிகிறது.

பலேர்மோவில் செய்த தையல் வேலைகளில் உலகப் புகழ் பெற்றது, மன்னன் இரண்டாம் ரோஜரின் மேலங்கி. சிவப்புப் பட்டில் பொன்னிழையும் முத்தும் வைத்துச் செய்தது. நடுவே ஒரு பேரீச்ச மரம்; அதன் இருபுறமும் ஒட்டகத்தை வீழ்த்தி அமுக்கும் சிங்கம். கீழ் விளிம்பு நெடுக அரபு எழுத்து. சிசிலியின் தலைநகரில், அரச பட்டறையில், ஹிஜ்ரி 528-ல் இது செய்யப்பட்டது என்கிறது அந்த வாசகம், அதாவது கி.பி. 1133–34. அரசனுக்கு எல்லா நலமும் வேண்டும் என்று வாழ்த்தவும் செய்கிறது. தைத்தவர் பெயர் அதில் இல்லை. 1147-ல் ரோஜரின் படை கிரேக்க நாட்டின் தீப்ஸ், கொரிந்து நகரங்களைச் சூறையாடியபோது, அங்கிருந்த பட்டுத் தொழிலாளர்களையும் பிடித்துக் கொண்டுவந்து இதே ஊரில் வேலைக்கு வைத்தார்கள். அரசனின் உடைகளுக்குப் பொன்னிழை வேலை செய்த யஹ்யா என்ற ஒருவரை, 1184-ல் சிசிலிக்கு வந்த பயணி இப்னு ஜுபைர் குறிப்பிடுகிறார். அவரைப் போல ஏட்டில் இடம்பெற்றவர்கள் சிலரே. அந்த மேலங்கி பின்னாளில் புனித ரோமப் பேரரசர்களின் முடிசூட்டு உடையாகி, இன்று வியன்னா கருவூலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மனிதக் கை செய்யக்கூடிய உச்சம் அது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த உச்சத்தில் கைக்குச் சொந்தமான ஒரு மணி நேரமும் இருந்திருக்காது.

அரண்மனைப் பட்டறை மறைந்து பல நூற்றாண்டுகள் கழித்து ஊசி சிசிலியின் சாதாரண வீடுகளில் சீர்வரிசைக்காக ஓடியது. ‘கொர்ரேதோ’ என்று அதற்குப் பெயர். படுக்கை விரிப்பு, துவாலை, மேசை விரிப்பு, உள்ளாடை என்று பெண் தன்னோடு கொண்டுபோக வேண்டிய துணிகள் அவை. அந்தத் தீவுக்கே உரிய ‘ஸ்ஃபிலாத்தோ’ வேலையைச் சொல்லாமல் இதை விளங்கிக்கொள்ள முடியாது. லினன் துணியிலிருந்து பாவிலும் ஊடையிலும் இழைகளைக் கணக்குப் பார்த்து வெட்டி உருவ வேண்டும். ஒரு எண்ணிக்கை தவறினாலும் வரிசை கோணிவிடும். உருவியபின் மிஞ்சும் இழைகளை ஒவ்வொன்றாக நூல் சுற்றி இறுக்கினால் துணியே வலையாகிறது. பிறகு அந்த வலைக் கண்களை ஊசியால் நிரப்பிப் பூவும் பறவையும் எழுப்புகிறார்கள். முதலில் துணியைக் குறைத்து, அப்புறம் உருவத்தைக் கூட்டுகிற வேலை இது. கண்ணும் விரலும் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். மானிடவியலாளர் ஜேன் ஷ்னைடர் 1980-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்குச் சிசிலியில் இந்தச் சீர்த்துணி ஒரு செல்வச் சேமிப்பாகவே இருந்ததைக் காட்டுகிறார். நம் வீடுகளில் நகை இருந்த இடத்தில் அங்கே துணி. அப்படியானால் பெண் பிள்ளை தைத்த ஒவ்வொரு பூவுக்கும் வேறொருவர் மனதில் ஒரு விலை ஓடிக்கொண்டிருந்தது. 1975-ல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோது இத்தாலி வரதட்சணையை ஒழித்தது. நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல்.

அரசனும் போய், சீரும் போனபின் ஊசி என்ன ஆயிற்று? தொழிலாகப் பிழைத்தவர்கள் போக, மற்றவர்கள் தைக்கவேண்டிய கட்டாயம் இல்லாமல் தைக்க ஆரம்பித்தார்கள். எந்தத் துணியில், எந்த நிறத்தில், எவ்வளவு நாளில் என்பதைத் தைப்பவரே தீர்மானிப்பது வரலாற்றில் பலருக்குப் புதிதாகக் கிடைத்த உரிமை. ‘ஆர்டர் எடுக்கலாமே’ என்கிறவர்கள் அறியாமலே அந்த உரிமையைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு நம் ஊரிலிருந்தே வரும். 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டே தம்மை விடுவித்துக்கொண்டார்கள். விற்பனைதானே அங்கே விடுதலை? ஆம், மறுக்கவே முடியாது. பலேர்மோவிலும் இன்று ‘அல் ரெவேஸ்’ என்ற கூட்டுறவு அமைப்பு நடத்தும் சமூகத் தையலகம், பழைய துணிகளுக்கு மறுவாழ்வு தந்து, வேலை கிடைக்காமல் தவிப்பவர்களுக்கும் புலம்பெயர்ந்தவர்களுக்கும் பிழைப்பு தேடித் தருகிறது. பணம் தேவைப்படுகிறவர் விற்கட்டும். நல்ல விலைக்கே விற்கட்டும். தேவையில்லாதவரின் வேலையையும் அதே தராசில் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மாலையில் கேரம் ஆடுகிறவரிடம், தெருமுனையில் கிரிக்கெட் ஆடுகிறவரிடம், “இதில் எவ்வளவு வரும்?” என்று நாம் கேட்பதில்லை. பெண்கள் அதிகம் செய்கிற ஓய்வுநேர வேலையிடம் மட்டும் ஏன் கணக்கு கேட்கிறோம்?

பெண்ணை மறுபடி வீட்டுக்குள் உட்கார்த்தும் வேலை இது என்பார்கள் சிலர். உட்கார்த்தியது ஊசி அல்ல, கட்டளை. வீட்டுத் துணிக்கும் வெளியுலகுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் 1992-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு மே 23 அன்று நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயை மாஃபியா குண்டு வைத்துக் கொன்றபின், பலேர்மோப் பெண்கள் படுக்கை விரிப்புகளில் எதிர்ப்பு வாசகங்கள் எழுதி பால்கனிகளில் தொங்கவிட்டார்கள். அலமாரியில் மடித்து வைக்கும் துணி ஊரின் குரலாயிற்று. ‘விரிப்புக் குழு’ என்றே ஓர் அமைப்பும் உருவானது.

கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்குமே என்பது இன்னொரு வாதம். கிடைக்கும். துணி, நூல், நேரம் மூன்றையும் கூட்டினால் வீட்டுத் தையல் நட்டம்தான். ஆனால் வாங்கிய பொருளில் வராத ஒன்று இதில் வருகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக 31 நாடுகளில் 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுகிறவர்கள் மன அமைதியையும் மகிழ்ச்சியையும் கூடுதலாகச் சொன்னார்கள். பிடித்தவர்கள்தானே பதில் எழுதியிருப்பார்கள் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. இதை மருந்தாக யாரும் விற்க வேண்டாம். நான் பெரிதாக நினைப்பது வேறு. சட்டைக்கு ஒரு கை தைத்துப் பார்த்தவர், 300 ரூபாய்ச் சட்டையில் யாருக்கு என்ன கூலி போயிருக்கும் என்று யோசிக்கத் தொடங்குகிறார். கிழிந்ததை எறியாமல் ஒட்டுப்போடவும் அவருக்குத் தெரியும். 2022 முதல் துணிக் கழிவைத் தனியாகச் சேகரிப்பதைக் கட்டாயமாக்கிய இத்தாலி போன்ற நாட்டில் இது சிறிய அறிவு அல்ல.

கடைசி மறுப்பு என்னைத் தயங்க வைக்கிறது. ஓய்வு என்பதே வசதி உள்ளவர்களுக்குத்தானே? பலேர்மோவில் 1980-கள் தொடங்கிக் குடியேறிய ஈழத் தமிழர்களில் பலர் பிறர் வீடுகளில் மணிக்கணக்குக் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவரும் கத்தோலிக்கருமாக மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவை வணங்குகிறார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது வாரத்தில் சில மணி நேரமே. அந்த நேரத்தை யாரும் கைவேலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவர் ஊசியை எடுத்தால், அதிலும் ஒரு வாடிக்கையாளரை உட்கார வைக்காதீர்கள். ஆர்டர் என்றால் அளவு உண்டு, கெடு உண்டு, பிடிக்கவில்லை என்று சுளிக்கும் முகம் உண்டு. பிறர் வீட்டில் வேலை முடித்து வந்தவருக்குத் தன் வீடும் வேலைத்தலமாகிவிடும்.

ஆகவே அடுத்த முறை யாராவது தாம் தைத்ததைக் காட்டினால், “எவ்வளவுக்குப் போகும்?” என்று கேட்காதீர்கள். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். “இது என்ன தையல், எனக்கும் சொல்லிக் கொடுங்களேன்” என்று கேளுங்கள்.