எது முதல்?

பல தேவைகள் ஒருங்கே வந்து நெருக்கும்போது எதற்கு முதலிடம் அளிப்பது? எங்கள் கடம்பத்தூர் இரயில் நிலையம் கண்ட ஒரு காட்சியைக் கொண்டே இவ்வினாவை ஆராய்வோம்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீரை ஏற்றிய முதல் இரயில், எங்கள் ஊரைக் கடந்து வில்லிவாக்கம் சேர்ந்தது.

அக்கோடையில் என் கிணற்றிலும் நீர் தாழ்ந்திருந்தது. சொர்ணவாரிப் பயிர் வாடிற்று, மாடுகள் தவித்தன, அண்டை வீட்டார் குடங்களுடன் நின்றனர், லாரிக்காரர் ஒருவரோ நல்ல விலை பேசினார். நான் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொண்டேன். காத்திருக்க இயலாதது எது? இழந்தால் மீட்க முடியாதது எது? இழப்பு யாரைச் சாரும்? முதலில் குடிநீர், அடுத்து மாடுகள், பிறகு பயிர் என்று வரிசை அமைந்தது. விற்பனைக்கு நீர் மிஞ்சவில்லை. விளைச்சல் பாதியாயிற்று. ஆயினும் அவ்விழப்பு என்னுடையது, தாங்கிக்கொள்ள முடிந்தது.

அரசுகளும் இவ்வாறே வரிசை வகுக்கின்றன. 1987-இல் வெளியான தேசிய நீர்க் கொள்கை குடிநீர், பாசனம், நீர்மின்சாரம், நீர்வழிப் போக்குவரத்து, தொழில் என முறைப்படுத்தியது; இடத்தின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் இடமளித்தது. 2002-ஆம் ஆண்டுக் கொள்கையில் சுற்றுச்சூழலும் அவ்வரிசையில் இடம்பெற்றது. ஆகவே வரிசை என்பது கல்லில் பொறித்த எழுத்தன்று. காரணம் மாறினால் அதுவும் மாறலாம்.

இன்னுமொன்று. சென்னைக்கு நீர் அனுப்பினால் தங்கள் குடிநீர் குறையுமோ என்ற எதிர்ப்புக் குரல் அன்று வேலூர் மாவட்டத்தில் எழுந்தது. அது நியாயமான அச்சமே. இருபுறமும் குடிநீரே தேவையாக நிற்கும்போது வரிசை மட்டும் போதாது. எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவும் வேண்டும். முதலிடம் என்பது முழு இடம் அன்று.

நாளை மேற்படிப்பா, வேலையா, வீட்டுப் பொறுப்பா என்று நீங்களும் திகைக்கக்கூடும். அப்போது இம்மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். விடைகளின் அருகே காரணத்தையும் குறியுங்கள். நெருக்கடி வருமுன் எழுதுவதே நலம். தாகம் எடுத்தபின் கிணறு தோண்ட இயலாதன்றோ?