சிறு படகும் மின்மோட்டரும்

படகின் பின்விளிம்பிலே மாட்டவும் வேண்டும்போது கழற்றி எடுத்துச் செல்லவும் தக்கதாய் அமைந்த பொறியை வெளியிணைப்பு மோட்டர் என்பர். அப்பெயரைக் கேட்டவுடன் பெற்றோலின் மணமும் இரைச்சலுமே பலர்க்கு நினைவில் எழும். ஆயினும், இவ்வினத்தில் முதலில் தோன்றியது மின்சாரத்தால் இயங்கியதே. 1881 ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்துச் சேன் நதியிற் குஸ்தாவ் துரூவே என்னும் பிரெஞ்சு அறிஞர், மோட்டர், சுக்கான், சுழல்விசிறி ஆகிய மூன்றையும் ஒருங்கே இணைத்த கருவியொன்றைச் சிறு படகிற் பொருத்தி ஓட்டிக் காட்டினார். பெற்றோலால் இயங்கும் வெளியிணைப்பு மோட்டர்களை வாற்றர்மன், எவின்றூட் முதலிய அமெரிக்கர் விற்பனைக்குக் கொணர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆகும்.

முந்திப் பிறந்தது பிந்தி நின்றமைக்குக் காரணம் மோட்டரன்று. அதற்கு உணவளிக்கும் மின்கல அடுக்கே. ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறக்குறைய 12,000 உவாற்று-மணிச் சத்தி அடங்கியுள்ளது. அதே நிறையுள்ள ஈயவமில அடுக்கோ 30 முதல் 40 உவாற்று-மணியே தரவல்லது. சிறு பெற்றோற் பொறி தன் எரிபொருளின் சத்தியிற் பெரும்பங்கை வெப்பமாக வீணாக்குகின்றது என்பதும், நல்ல மின்மோட்டர் தான் பெறுவதில் ஐந்தில் நான்கு பங்கையேனும் சுழற்சியாக மாற்றுகின்றது என்பதும் உண்மையே. எனினும் இடைவெளி மிகப் பெரிது. ஆதலின், பவேரியாவின் கேனிக்சே ஏரியிலே 1909 ஆம் ஆண்டு முதல் மின்படகுகள் பயணிகளை ஏற்றிவருதல் போன்ற சில இடங்களையும், தூண்டில் மீன்பிடிப்போரின் சிறு மோட்டர்களையும் தவிர, மின்சாரம் நெடுங்காலம் நீரில் ஒதுங்கியே இருந்தது. அண்மைக் காலத்து இலிதியம் அடுக்குகளே நிலைமையை மாற்றின. 12 உவோற்று, 100 அம்பியர்-மணி கொண்ட ஈய அடுக்கு 25 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். அதே அளவான இலிதியம் அடுக்கு ஏறக்குறைய அதிற் பாதியே நிறுக்கும். மேலும், ஈய அடுக்கிற் பாதிக்கு மேற் செலவிட்டால் அதன் ஆயுள் குறையும்; இலிதியத்திலோ பெரும்பங்கைப் பயன்படுத்தலாம்.

இனி, இம்மோட்டரை வாங்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது மோட்டரின் இயல்பையன்று, நீரின் இயல்பையே. நீரைக் கிழித்துச் செல்லும் படகு தன் முன்னே ஓர் அலையை எழுப்புகின்றது. கதி கூடக்கூட அவ்வலை நீளும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய மேட்டில் ஏற முயல்வது போலாகின்றது. நீர்மட்டத்தில் 5 மீற்றர் நீளமுள்ள படகுக்கு இவ்வெல்லை மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். அதற்கு மேற் செல்வதற்குப் பெருவலு வேண்டும். அங்கே மின்கல அடுக்கு விரைவில் வறண்டுவிடும்.

அவ்வெல்லைக்குள்ளும் ஒரு விதி உண்டு. தேவைப்படும் வலு, கதியின் மும்மடிக்கு ஏறக்குறைய விகிதசமமாகும். கதி இரட்டித்தால் வலு எண்மடங்காகும். உதாரணமாக, 600 உவாற்றுச் செலவில் மணிக்கு 6 கிலோமீற்றர் செல்லும் படகொன்றையும், பயன்படத்தக்க 600 உவாற்று-மணி கொண்ட அடுக்கொன்றையும் கொள்வோம். முழுக் கதியில் ஒரு மணி நேரத்தில் 6 கிலோமீற்றர் சென்று அது நின்றுவிடும். கதியைப் பாதியாக்கினாற் செலவு 75 உவாற்றே. எட்டு மணி நேரத்தில் 24 கிலோமீற்றர் செல்லலாம். விரைவைப் பாதியாக விட்டவன் தூரத்தை நான்கு மடங்காகப் பெறுகின்றான்.

இவ்விதியை மறந்தவனுக்கு நேரும் இடர் யாதெனின், திரும்பி வரமுடியாமையே. அதே படகு மணிக்கு 2 கிலோமீற்றர் ஓடும் ஆற்றிற் கீழ்நோக்கி முழுக் கதியிற் செல்கின்றது எனக் கொள்க. அரை மணி நேரத்தில் 4 கிலோமீற்றர் கடந்ததும் சரிபாதி மின்சத்தி எஞ்சியிருத்தல் கண்டு படகோட்டி திரும்புகின்றான். இப்போது நீரோட்டம் எதிராக இருத்தலின், கரையை நோக்க அவன் கதி மணிக்கு 4 கிலோமீற்றரே. எஞ்சிய அரை மணி நேரத்தில் 2 கிலோமீற்றர் வந்து நடுவழியில் நிற்பான். அவனே கதியைப் பாதியாக்கியிருப்பின், மணிக்கு ஒரு கிலோமீற்றராய் நான்கு மணி நேரம் ஊர்ந்து, கடைசித் துளிச் சத்தியுடன் புறப்பட்ட துறையை அடைந்திருப்பான். பாதி செலவானதும் திரும்புதல் என்பது பிழையான கணக்கு. மூன்றிலொன்று போவதற்கு, மூன்றிலொன்று வருவதற்கு, மூன்றிலொன்று எதிர்பாராததற்கு என வகுத்தலும், முதலில் ஓட்டத்தையும் காற்றையும் எதிர்த்துச் செல்லுதலும் அறிவுடைமையாகும். துடுப்பு எப்போதும் படகில் இருத்தல் வேண்டும்.

மோட்டரின் அளவைக் கூறுமிடத்தும் மயக்கம் உண்டு. சிலவற்றுக்கு உந்துவிசை இறாத்தலிலும், சிலவற்றுக்கு வலு உவாற்றிலும் தரப்படும். நின்ற நிலையில் அளந்த உந்துவிசை, ஓடும் படகில் அவ்வாறே நிலைப்பதில்லை. விசையோடு கதியும் பெருக்கப்பட்டாலே பயன்தரும் வலு பெறப்படும். மின்மோட்டருக்குரிய சிறப்பு, குறைந்த சுழற்சியிலும் நிறைந்த முறுக்கம் தருவது. அதனால் அகன்ற விசிறியை மெல்லச் சுழற்றி நீரை வீணே கலக்காது தள்ளமுடிகின்றது.

பாதுகாப்பும் மறத்தற்குரியதன்று. 12 உவோற்றில் 600 உவாற்று எனின் 50 அம்பியர் ஓட்டமாகும். மெல்லிய கம்பி அதனைத் தாங்காது சூடேறும். தடித்த கம்பியும் அடுக்கின் அருகே உருகியும் இன்றியமையாதன. இலிதியம் அடுக்கை அதற்குரிய மின்னேற்றியாலேயே ஏற்றவேண்டும். உவர்நீரிற் பயன்படுத்தியபின் நன்னீராற் கழுவுதல் உலோகத்தை அரிப்பினின்றும் காக்கும்.

பழைய ஈரடிப் பெற்றோற் பொறிகள் எரியாத எரிபொருளை நீரிலே கலந்தன. மின்மோட்டர் அவ்வாறு செய்வதில்லை. பறவையின் குரலையும் மறைப்பதில்லை. ஆயினும் அதற்குரிய மின்சாரம் எங்கோ ஓரிடத்திற் பிறக்கின்றது என்பதும் நினைவிருத்தல் வேண்டும். நெடுந்தூரத்தையும் மிகு வேகத்தையும் நாடுவோர்க்கு இது ஏற்ற துணையன்று. ஏரியிலும் அமைதியான ஆற்றிலும் மெல்லச் சென்று பொழுதொடு மீள விரும்புவோர்க்கோ இதனினும் ஏற்றது அரிது. தன் அளவறிந்து ஓட்டுபவனைக் கரைசேர்ப்பதும், அளவு மறந்தவனை நடுநீரில் நிறுத்துவதும் ஒரே மோட்டர்தான்.