அந்தத் தாய் எந்தத் தலைப்பை அழுத்துவார்?

காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயரிலுள்ள காணியைப் பராமரிக்க ஒரு தாய்க்கு ஆவணம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியில் இணையத்தளம் ஒன்றைத் திறக்கிறார். பிறப்பு, விவாகம், மரணம் என்று மூன்று தலைப்புகள் இருக்கின்றன. எதை அழுத்துவார்?

அவருக்குத் தேவையானது காணக்கிடைக்காமைச் சான்றிதழ். ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், அவரைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் ஆவணம் இது. இதைக் கொண்டு குடும்பத்தினர் அவருடைய சொத்துக்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. ஆனால், அது திருத்தியது 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை. ஆகவே, சட்டத்தின் ஒழுங்கில் தகவல்களை அடுக்கினால் இந்தச் சான்றிதழ் ‘மரணம்’ என்ற தலைப்பின் கீழ்தான் போய்ச் சேரும். மரணச் சான்றிதழை வாங்க மறுத்து வீதியோரத்தில் போராடும் தாய் அந்தத் தலைப்பைத் தொடப்போவதில்லை. தகவல் அங்கே இருக்கும்; அவருக்குக் கிடைக்காது.

திணைக்களங்கள் தமது பிரிவுகளையும் சட்டங்களையும் வைத்துச் சிந்திக்கின்றன. மக்கள் தமக்கு நேர்ந்ததை வைத்துத் தேடுகிறார்கள். பிரித்தானிய அரசு 2012இல் தனது பொதுவான இணையத்தளத்தை ஆரம்பித்தபோது மக்களின் தேவையையே தொடக்கப் புள்ளியாகக் கொண்டது. இன்று அங்கே, ஒருவர் இறந்தால் குடும்பத்தினர் செய்யவேண்டியவை ஒரே இடத்தில் படிப்படியாகத் தரப்பட்டுள்ளன. எந்தப் படி எந்தத் திணைக்களத்துக்குரியது என்பதை அறிந்துகொண்டு தேட வேண்டியதில்லை.

மக்களின் ஒழுங்கைக் கண்டறியப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு சேவையையும் எளிய தமிழில் ஒவ்வோர் அட்டையில் எழுதி, அவற்றைப் பயன்படுத்தப்போகும் சிலரிடம் கொடுக்க வேண்டும். ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவர்கள் கருதுவதைச் சேர்த்து வைக்கட்டும். ஒவ்வொரு குவியலுக்கும் அவர்களே பெயர் சொல்லட்டும். பிறகு அந்தத் தலைப்புகளை வேறு சிலரிடம் காட்டி, “இதற்கு எங்கே போவீர்கள்?” என்று கேட்டுப் பார்க்கலாம். பலரும் தவறான இடத்துக்குப் போனால் மாற்றவேண்டியது தலைப்பைத்தான்.

‘காணக்கிடைக்காமை’ என்று எந்தத் தாயும் பேசுவதில்லை. “என்ர பிள்ளையைக் காணேல்லை” என்றுதான் சொல்கிறார். சட்டப் பெயர் உள்ளே இருக்கட்டும். வாசலில் ‘குடும்பத்தில் ஒருவரைக் காணவில்லையா?’ என்று எழுதியிருக்க வேண்டும். அரச நிறுவனங்கள் மட்டுமல்ல, மக்களுக்காகத் தகவல் தொகுக்கும் நமது அமைப்புகளும் இதைச் செய்யலாம். ஒரு சான்றிதழுக்காகத் தன் பிள்ளையை ‘மரணம்’ என்ற தலைப்பின் கீழ் தேடும்படி எந்தத் தாயையும் வைக்கக்கூடாது.