சாய்க்கும் அன்டெனா கம்பம்

சாய்க்கும் அன்டெனா கம்பம் என்பது, அமெச்சூர் வானொலி (ஹாம் வானொலி) நிலையங்களில் அன்டெனாவைத் தாங்கி நிற்பதும், தேவைப்படும்போது கிடைநிலைக்குச் சாய்க்கத்தக்கதுமான கம்பம் ஆகும். பழுதுபார்க்க உயரத்தில் ஏறும் தேவையை இது நீக்குகின்றது. புயலுக்கு முன் அன்டெனாவை இறக்கி, பின்னர் விரைவில் மீண்டும் நிறுத்தவும் இது உதவுகின்றது.

தேவை

144 முதல் 146 மெகாஹெர்ட்சு வரையான அலைவரிசையில் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்கின்றன. ஆகவே அன்டெனாவின் உயரம் இன்றியமையாதது. 6 மீட்டர் உயர அன்டெனாவின் வானொலி அடிவானம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆகும். இதே உயரமுள்ள இரு நிலையங்கள், கட்டிடமும் மரமும் மறைக்காத இடத்தில், 20 கிலோமீட்டர் வரை தொடர்பு கொள்ளலாம். காரைக்குடியும் தேவகோட்டையும் இத்தொலைவுக்குள் அடங்குகின்றன.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுவினர் செய்திகளைப் பரிமாறினர். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில், சிவகங்கையை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஏராளமான மின்கம்பங்கள் சாய்ந்தன. இத்தகைய வேளைகளில் ஹாம் நிலையம் பயன்பட வேண்டுமாயின் அதன் அன்டெனா முறியாமல் இருத்தல் வேண்டும்.

அமைப்பு

கடைகளில் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய் கம்பமாகப் பயன்படுகின்றது. இதன் எடை சுமார் 30 கிலோகிராம். 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு இரும்புச் சேனல்கள் கான்கிரீட்டில் ஊன்றப்படுகின்றன. தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் அவற்றுக்கிடையே 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள அச்சுக்கம்பி பொருத்தப்படுகின்றது. குழாயின் அடியிலிருந்து 1.5 மீட்டரில் குறுக்காகப் பற்றவைத்த குழாய்த்துண்டினுள் அச்சு செல்கின்றது. குழாயில் துளையிட்டால் அது வலுவிழக்கும். சாய்த்த கம்பம் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் ஏணி தேவையில்லை.

கம்பத்தை நிமிர்த்தியபின் அதன் கீழ்ப்பகுதி இரு குறுக்குச் சட்டங்களுக்கிடையே இறுக்கப்படுகின்றது. ஒன்று நிலையானது, மற்றது கழற்றக்கூடியது.

எதிர் எடை

இதன் தத்துவம் கிணற்றுத் துலாவின் தத்துவமே. துலாவின் பின்முனையில் கட்டிய கல், நீர் நிறைந்த வாளியின் சுமையைக் குறைக்கின்றது. இங்கு அச்சிலிருந்து குழாயின் எடைமையம் 1.5 மீட்டரிலும், 3 கிலோகிராம் அன்டெனா 4.5 மீட்டரிலும் உள்ளன.

30 × 1.5 + 3 × 4.5 = 58.5

எதிர் எடையின் மையம் அச்சுக்குக் கீழே 1.3 மீட்டரில் இருந்தால், 58.5 ÷ 1.3 = 45 கிலோகிராம் தேவை. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஏறக்குறைய விளிம்பு வரை கான்கிரீட் நிரப்பி, அதில் குழாயின் அடியைப் பதித்தால் இவ்வெடை கிடைக்கின்றது. சமநிலை அடைந்த கம்பத்தை ஒருவரே கயிற்றால் இயக்கலாம்.

பாதுகாப்பு

* சாய்த்த நிலையில் அன்டெனாவைக் கழற்றினால் சமநிலை குலைந்து, கம்பம் தானே மேலெழுந்து அருகில் நிற்பவரைத் தாக்கக்கூடும். முதலில் நுனியைத் தரையில் அடித்த முளையுடன் கட்டவேண்டும்.
* கம்பம் எப்பக்கம் விழுந்தாலும் மின்கம்பிகளைத் தொடாத தொலைவில் இடம் தேர்தல் வேண்டும். கம்பத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளி நன்று.
* செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரை இதனைத் தாங்காது. பின்கட்டை அடுத்த திறந்த நிலமே ஏற்றது.
* கம்பத்தை நிலத்தடி இணைப்புடன் சேர்த்தல் வேண்டும். இடி மின்னலின்போது அதனைத் தொடலாகாது.

இந்தியாவில் ஹாம் நிலையம் இயக்க நடுவண் அரசின் உரிமம் தேவை.