டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் மதமதப்பு

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுத் தக்காளிக்கும் காரிமங்கலத்து மாமரத்துக்கும் பூச்சிமருந்து அடிக்கிறவர்களைப் பார்த்தால், விஷம் உடம்பில் ஏறும் வழி தெரியும். முதுகு டேங்கின் மூடி கசிந்து லுங்கி நனைகிறது. அடைத்துக்கொண்ட நாசிலை வெறுங்கையால் குத்தி எடுக்கிறார்கள். பல பூச்சிமருந்துகளில் உள்ள ஆர்கனோபாஸ்பேட் விஷம் தலைக்கேறி ஒருவர் அரசு மருத்துவமனைக்கு வந்தால் அட்ரோபின், பிராலிடாக்சிம், தேவைப்பட்டால் வென்டிலேட்டர். பிழைத்துத் தேறியதும் டிஸ்சார்ஜ். கேஸ் ஷீட் அதோடு முடிகிறது. முடியக்கூடாது என்பதே என் வாதம். இந்த வகைப் பூச்சிமருந்துகளில் சில, இரண்டு மூன்று வாரம் கழித்து நரம்பைத் தாக்குகின்றன. கெண்டைக்கால் இழுக்கும், பாதம் சுள்சுள்ளென்று குத்தும், செருப்பு கழன்றது தெரியாது. அதன் பின்னரே கால் பலமிழக்கும். நரம்பிலுள்ள ஒரு நொதியை விஷம் முடக்க, உடம்பின் மிக நீளமான நரம்பிழைகள் நுனியிலிருந்து கருகிவருகின்றன. உயிரைக் காப்பாற்றிய அட்ரோபினுக்கு இதைத் தடுக்கும் சக்தி இல்லை.

இதற்கான சான்று நம்மவர் வீட்டு நல்லெண்ணெயிலேயே இருக்கிறது. 1977-78-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமிகளுக்குக் கால்கள் செயலிழந்தன. பூப்படைந்ததும் கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்ற ஆர்கனோபாஸ்பேட் கலந்திருந்ததை மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் கண்டறிந்தார்கள். கனிம எண்ணெய் இருந்த கலன்களில் ஏற்றி வந்ததால் கலந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அவர்களில் சிலரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததுதான் இதில் பெரிய காரியம். இப்படித் தொடர்ந்து பார்த்தால்தான் ஒன்று விளங்கும்: கை கால் நரம்புகள் மெல்லத் தேறும், உணர்வு முதலில் திரும்பும், தண்டுவடத்தில் பட்ட அடியோ, தளர்ந்திருந்த கால் விறைக்கத் தொடங்கும்போதுதான் வெளியே வரும், பெரும்பாலும் நிலைத்தும்விடும். 1930-ல் அமெரிக்காவில் இதே ரசாயனம் கலந்த இஞ்சிச் சாராயம் குடித்து ஆயிரக்கணக்கானோர் முடங்கினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் சிலருக்கு அந்த விறைப்பு போகவில்லை.

தருமபுரியில் பாத மதமதப்பென்றால் சர்க்கரைதானே என்று கேட்கலாம். பெரும்பாலும் சர்க்கரைதான். ஆனால் அது வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். இது, தேதி தெரிந்த ஒரு சம்பவத்துக்குப் பின் சில வாரத்தில் வரும். மூன்றாவது வாரம் ஒருமுறை பார்த்து எழுதிவைக்காவிட்டால் பிரித்தறிய வழியே இல்லை. மருந்து குடித்தவர்களுக்குத்தான் இதெல்லாம், அடிப்பவர்களுக்கு இல்லை என்பது இன்னொரு வாதம். தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாட்கள் தடை செய்தபோதும் நோக்கம் தற்கொலையைத் தடுப்பதுதான். குடித்தவருக்கு ஆபத்து அதிகம், உண்மை. ஆனால் நிகராகுவாவில் விஷம் ஏறி மருத்துவமனை கண்ட தொழிலாளர்களிடம், அதிர்வை உணரும் திறன் பின்னாளிலும் குறைந்திருந்ததை 1994-ல் வெளியான ஆய்வு காட்டியது. குடித்தவரே என்றாலும், தற்கொலைக்கு முயன்றவர் என்பதற்காக ஒருவரின் கால் நமக்கு வேண்டாததாகிவிடுமா என்ன?

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இதற்கு மாற்று மருந்தே இல்லை, கண்டுபிடித்து என்ன பயன்? நரம்பிழை வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து பாதம்வரை 40 சென்டிமீட்டர் என்றால், ஒரு வருடத்துக்கு மேல். அந்த ஒரு வருடத்தில் அவர் மறுபடி டேங்கைத் தூக்கினாரா, மரத்த பாதத்தில் முள் ஏறிப் புண்ணானதா, கணுக்கால் மடங்கி இறுகிவிட்டதா என்பதில்தான் அவர் திரும்ப நடக்கும் விதம் இருக்கிறது. மூன்றுக்கும் மாத்திரை வேண்டியதில்லை. சோதனைக்கு ஓர் இசைக்கவையும் பஞ்சும் போதும். ஆள் பற்றாக்குறை என்பார்கள். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியையும் வீடு தேடிக் கொண்டுபோகிறது. பூச்சிமருந்து கேஸில் டிஸ்சார்ஜ் ஆகிறவரின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்த்து, மூன்றாவது வாரத்துக்கு ஒரு தேதி குறித்தால் போதும்.